தூத்துக்குடி டு கன்னியாகுமரி: நான்குவழிச் சாலையை விட்டுவிட்டு கடலோரமாக ஒரு நாள்

தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரிக்குக் காரில் கிளம்புகிற நிறையப் பேர் திருநெல்வேலி பக்கம் போய் நான்குவழிச் சாலையைப் பிடித்து, ஒரே மிதியாக மிதித்து, மத்தியானத்துக்கு முன்னாடியே போய் இறங்கி, படகுக்கு வரிசையில் நின்று, திருவள்ளுவர் சிலையோடு ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு சாயங்காலம் திரும்பிவிடுகிறார்கள். அது அவர்கள் இஷ்டம். ஆனால் கிழக்கே கடலை ஒட்டி திருச்செந்தூர், குலசை (குலசேகரன்பட்டினம்), மணப்பாடு, உவரி, கூடங்குளம் என்று இன்னொரு ரோடு போகிறது. மொத்தம் 130 கிலோமீட்டர் சுமாருக்கு. நிற்காமல் ஓட்டினால் மூணு மணி நேரத்தில் முடிந்துவிடும், நின்று நின்று போனால் விடியற்காலை முதல் இருட்டும் வரை ஒரு முழு நாளை விழுங்கும். அந்த ஒரு நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது, எங்கே என்ன சாப்பிடுவது என்பதற்குத்தான் இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ரோட்டில் உங்கள் திட்டத்தைத் தீர்மானிப்பது இடங்களின் பட்டியல் இல்லை, வெயிலும் மத்தியானச் சாப்பாடும்தான். திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் மேடுகளான தேரிக்காட்டில் பத்தரை மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. திருச்செந்தூரைத் தாண்டிவிட்டால் கன்னியாகுமரி வரைக்கும் கடலை ஒட்டிப் பெரிய ஓட்டல்கள் என்று ஒன்றும் வரிசையாக வராது, "போற வழியில எங்கயாவது சாப்பிட்டுக்கலாம்" என்று போனால் பிஸ்கட் பாக்கெட்தான் மதியச் சாப்பாடு. இந்த ரெண்டையும் முதலில் கட்டிப்போட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பொருந்திக்கொள்ளும்.

எந்த நாளில் போவது?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். அக்டோபர், நவம்பர், டிசம்பர் பாதி வரை மழை, அதுவும் சாதாரண மழை என்று நினைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தப் பாதையில் இருக்கிற காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி இரண்டு கரையையும் தாண்டி, ரோடுகள் துண்டுதுண்டாகிக் கிடந்தன. வானிலை அறிவிப்பில் தாழ்வு மண்டலம் என்று வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஏப்ரல், மே வெயில் கொளுத்தும், ஆனால் பதநீரும் நுங்கும் கிடைப்பது அப்போதுதான் என்பதால் அந்த மாதங்களை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மீனுக்காகவே போகிறவர்களுக்கு ரெண்டு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், விலையும் ஏறியிருக்கும். அடுத்தது, இந்தக் கரையில் இருப்பவை பெரும்பாலும் கத்தோலிக்க மீனவ ஊர்கள், ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாமல் கோவிலுக்குப் போகிற வழக்கம் உள்ளவை. ஆகவே ஞாயிறு மத்தியானம் உங்கள் தட்டில் விழுவது முந்தைய நாள் மீனாக இருக்க வாய்ப்பு அதிகம். திருச்செந்தூர்க் கூட்டமும் சனி, ஞாயிறில்தான். புதன், வியாழன் மாதிரி ஒரு வார நாள் கிடைத்தால் ரெண்டு தொல்லையும் இல்லை. கிருத்திகை, சஷ்டி, விசாகம் வருகிறதா என்று காலண்டரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நவராத்திரி சமயத்தில் குலசை தசரா. காளி வேஷமும் குறவன் வேஷமுமாக ஊரே ரோட்டில் இருக்கும், அதைப் பார்ப்பதற்கென்றே தனியாக ஒரு பயணம் போகலாம், இந்தப் பயணத்தோடு சேர்க்காதீர்கள், வண்டி நகராது.

முந்தின ராத்திரி தூத்துக்குடியில்

விடியற்காலையில் கிளம்ப வேண்டியிருப்பதால் முந்தைய நாள் சாயங்காலமே தூத்துக்குடி வந்துவிடுவது நல்லது. இருட்டும் முன் பனிமய மாதா கோவிலுக்கு ஒரு நடை போய்வாருங்கள், ஆகஸ்ட் 5 திருவிழாவை ஒட்டி என்றால் ஊரே அங்கேதான் இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு பரோட்டாக் கடைதான். இங்கே பரோட்டாக் கடைக்கு "நைட் கிளப்" என்று பெயர், போர்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும், வெளியூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம், உள்ளே சால்னா வாசனையைத் தவிர வேறொன்றும் இல்லை. பொரிச்ச பரோட்டாவைக் கேளுங்கள், பிய்த்துப் போட்டு சால்னாவை ஊற்றி ஊறவைத்துச் சாப்பிடுங்கள், ஆனால் மூணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு எழுந்திரிக்கணும்.

மக்ரூன் வாங்குவதையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள், காலையில் கிளம்பும்போது கடை திறந்திருக்காது. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூணும்தான் சரக்கு, ஒழுங்காகச் செய்தது வாயில் வைத்தால் கரைந்துவிடும். கடலோர ஈரக்காற்று பட்டால் அரை நாளில் நமுத்துப் பிசுபிசுத்துவிடும் என்பதால் காற்றுப் புகாத டப்பா ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். சாப்பிடுவதற்கு ஒரு பொட்டலம், வீட்டுக்கு ஒரு டப்பா என்று தனித்தனியாக வைத்துக்கொண்டால் டப்பாவைத் திறந்து திறந்து மூட வேண்டியதில்லை.

விடியற்காலை: உப்பளம், பிறகு திருச்செந்தூர்

நாலே முக்காலுக்கு வண்டியை எடுங்கள். ஊரைத் தாண்டியதும் முள்ளக்காடு, பழையகாயல் பக்கம் ரோட்டோரமே உப்பளங்கள். உப்புத் தொழிலாளர்கள் வெயிலுக்குப் பயந்து ராத்திரி ரெண்டு, மூணு மணிக்கே வேலையைத் தொடங்கிவிடுவார்கள், நீங்கள் போகும்போது அவர்களுக்குப் பாதி நாள் முடிந்திருக்கும். சீசன் சுமாராகப் பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை, மழை தொடங்கினால் பாத்தியெல்லாம் வெறும் தண்ணீர். நின்று பார்க்கலாம், ஆனால் வரப்பில் இறங்கி நடந்து படம் எடுக்கிறேன் என்று பாத்தியைக் கலக்காதீர்கள், வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் கேமராவை நீட்டாதீர்கள்.

வழியில் ஆத்தூர் வரும். வெற்றிலைக்குப் பெயர்போன ஊர், 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கியது. அந்த நேரத்தில் வெற்றிலை வாங்கி என்ன செய்வது என்று தோன்றும், மத்தியானம் மீன் சாப்பாட்டுக்குப் பிறகு அதன் அருமை தெரியும்; கடை திறந்திருந்தால் ஒரு கவுளி வாங்கி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். பிறகு ஆறுமுகநேரி, காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம். ஆறு மணி வாக்கில் திருச்செந்தூர்.

கோவிலுக்குப் போகிறீர்களா இல்லையா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வாருங்கள், மொத்த நாளும் அதில்தான் நிற்கிறது. வார நாளில் காலையில் போனால் ரெண்டு மணி நேரத்துக்குள் தரிசனம் முடிய வாய்ப்பு உண்டு, விடுமுறை நாளில் மத்தியானமே ஆகிவிடும், அப்படியானால் தேரிக்காட்டை மறந்துவிடுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், வேஷ்டியும் துண்டும் இருந்தால் வசதி. அறுபடை வீடுகளில் கடலோரத்தில் இருப்பது இது ஒன்றுதான். முருகன் கிழக்கே கடலைப் பார்த்து நிற்க, 137 அடி ராஜகோபுரம் மட்டும் மேற்கே இருக்கிறது, கடல் பக்கம் அத்தனை பெரிய கோபுரத்துக்கு இடமில்லை. பன்னீர் இலையில் வைத்துத் தருகிற விபூதியை வாங்காமல் வராதீர்கள். நாழிக்கிணற்றில் கூட்டம் இல்லை என்றால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம், கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் தண்ணீரில் உப்பு இல்லை.

கோவில் வேண்டாம் என்பவர்கள் கடற்கரையில் சூரிய உதயத்தைப் பார்த்துவிட்டு நேராக டிபனுக்குப் போகலாம். டிபன் விஷயத்தில் பெரிதாக யோசிக்காதீர்கள், சன்னதித் தெருப் பக்கம் சைவ ஓட்டல்கள் நிறைய, இட்லியும் பொங்கலும் சூடாகக் கிடைக்கும், அதுபோதும். பெட்ரோலை இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், ஏ.டி.எம். வேலையையும் முடித்துவிடுங்கள், கருப்பட்டிக்காரரிடமும் மத்தியானம் மீன் சாப்பாடு போடுகிற வீட்டிலும் கையில் ரொக்கம் இருந்தால் நல்லது.

கடலை விட்டுக் கொஞ்சம் உள்ளே: தேரியும் உடன்குடியும்

கடலோரப் பயணத்தில் எதற்கு உள்ளே போகணும் என்று கேட்கலாம். தேரிக்காட்டைப் பார்க்காதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். திருச்செந்தூரிலிருந்து காயாமொழி வழியாகத் தேரிக்குடியிருப்பு, அரை மணி நேரம்கூட ஆகாது. செக்கச்செவேல் என்று மணல் மேடு மேடாகப் போய்க்கொண்டே இருக்கும், நடுநடுவே பனையும் கொல்லாமரமும் உடைமரமும். மணலில் இரும்புச் சத்து துருவேறிப் படிந்திருப்பதால்தான் அந்த நிறம். ஆடிக் காற்றில் மணல் இடம் மாறும், நேற்று ஒருவர் நடந்த தடம் இன்றைக்கு இருக்காது. கற்குவேல் அய்யனார் கோவில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் காலாற நடந்து வாருங்கள். கார்த்திகை மாதக் கடைசியில் இங்கே கள்ளர்வெட்டுத் திருவிழா நடக்கும், வருகிற சனம் இந்த மண்ணைத்தான் பிரசாதமாக அள்ளிப்போகும்.

எச்சரிக்கை ரெண்டு. காரை மணலில் இறக்காதீர்கள்; டயர் புதைந்தால் இழுத்துவிட ஆள் தேடுவதிலேயே மத்தியானச் சாப்பாடு போய்விடும். அடுத்து, எல்லா மேடும் ஒரே மாதிரி இருக்கும், கோவிலோ ரோடோ கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை மட்டும் போங்கள்.

பரமன்குறிச்சி வழியாக உடன்குடி. கருப்பட்டிக்குப் பெயர் வாங்கிய ஊர் இது, புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனால் ஊர்ப் பெயரைச் சொல்லி சர்க்கரை கலந்ததை விற்பதும் இங்கேதான் என்பதால் கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். ஒரு கட்டியை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே மங்கலாக, மண் நிறத்தில் இருந்தால் சரி, பளபளவென்று மினுமினுத்தால் சர்க்கரை. கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டால் தித்திப்புக்கு அடியில் லேசான உவர்ப்பு தெரியணும், வெறும் தித்திப்பாக இருந்தால் வேண்டாம். விலை ரொம்ப மலிவாக ஒருவர் சொன்னாலும் வேண்டாம், பனை ஏறுகிற ஆளும் காய்ச்சுகிற விறகும் மலிவாகக் கிடைக்காத காலம் இது. சுக்கு, ஏலக்காய் தட்டிப்போட்ட சில்லுக் கருப்பட்டி பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அங்கேயே ஒரு டீக்கடையில் கருப்பட்டிக் காப்பி கேட்டுப் பாருங்கள், எல்லாக் கடையிலும் இருக்காது, "அண்ணாச்சி, எந்தக் கடையில போடுவாங்க?" என்று கேட்டால் யாராவது கை காட்டுவார்கள். பதநீர் காலத்தில் காலையில் ரோட்டோரம் பானையோடு உட்கார்ந்திருப்பார்கள், பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள்; வெயில் ஏறிய பிறகு விற்கிற பதநீரை மட்டும் தவிர்த்துவிடுங்கள், புளித்திருக்கும்.

உடன்குடியிலிருந்து திரும்பவும் கடலுக்கு வந்தால் குலசேகரன்பட்டினம். முத்தாரம்மனைக் கும்பிட்டுவிட்டு நகரலாம். இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் இங்கேதான் வருகிறது, 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவும்போது இலங்கையைச் சுற்றி வளைத்துப் போக வேண்டும், இங்கிருந்து நேர் தெற்கே கடல்தான், எரிபொருள் மிச்சம். இப்போதைக்கு நீங்கள் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் ட்ரோனை வெளியே எடுக்காதீர்கள்.

மணப்பாடு, மத்தியானச் சாப்பாடு

நாளின் நடுப்பகுதியை முழுக்க மணப்பாட்டுக்குக் கொடுங்கள். திருச்செந்தூரிலிருந்து 18 கிலோமீட்டர்தான், ஆனால் வேற ஊர், வேற காற்று. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு மணற்குன்று, அதன் உச்சியில் 1581-ல் கட்டிய திருச்சிலுவைக் கோவில், பக்கத்தில் கலங்கரை விளக்கம், கீழே ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் அமைதியான உப்பங்கழி. மேலே நின்று ஊரைத் திரும்பிப் பார்த்தால் கோவில் கோபுரங்களும் பழைய மாடி வீடுகளும் தெரியும், கொழும்போடு வியாபாரம் செய்து சம்பாதித்த குடும்பங்கள் கட்டிய வீடுகள் அவை. குன்றின் கடல் பக்கம் கொஞ்சம் இறங்கினால் புனித சவேரியார் தங்கி ஜெபித்ததாகச் சொல்கிற குகை. அவர் 1542-ல் இந்தக் கரைக்கு வந்தவர். உள்ளே ஒரு கிணறும் இருக்கிறது, உச்சி வெயிலில் அந்தக் குகைக்குள் நுழைந்தால் வெளியே வர மனசு வராது. செப்டம்பர் 14 திருவிழா, அப்போது கூட்டம் அலைமோதும்.

இங்கே அலைச்சறுக்கு விளையாட வருகிறவர்களும் உண்டு. அது தெரிந்தவர்களுக்கு. நீச்சல் மட்டும் தெரிந்தவர்கள் கடல் பக்கம் இறங்காமல் கழிப் பக்கம் காலை நனைப்பதோடு நிறுத்துங்கள், அதுவும் உள்ளூர்க்காரரைக் கேட்டுக்கொண்டு. தெற்கே போகப்போகக் கடல் இன்னும் பொல்லாதது. கள்ளக்கடல் எச்சரிக்கை விட்டிருக்கிற நாளில் காற்றே இல்லாமல் கடல் சாதுவாகத்தான் தெரியும், திடீரென்று அலை எழும்பி ஆளை இழுத்துவிடும்.

சாப்பாட்டுக்கு வருவோம். மணப்பாட்டில் பெரிய ஓட்டலைத் தேடாதீர்கள். தங்குவதற்கு வீடு விடுகிறவர்கள் சிலர், முன்கூட்டியே சொன்னால் சமைத்தும் தருகிறார்கள். முந்தின நாளே போன் போட்டு எத்தனை பேர் என்று சொல்லுங்கள், எந்த மீன் என்று மட்டும் சொல்லாதீர்கள். "சீலா மீன் வறுவல்தான் வேணும்" என்று அடம்பிடித்தால் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துத்தான் போடணும். அன்றைக்குக் காலையில் என்ன வந்ததோ அது, விளமீனோ, பாறையோ, ஊளியோ, ஒன்றும் இல்லை என்றால் சாளையோ. சாளை என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், அன்றைக்குப் பிடித்த சாளையை மிளகு தூக்கலாகப் போட்டுப் பொரித்துக் கொடுத்தால் சீலாவைத் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். குழம்பில் தேங்காயும் புளியும் சரிக்குச் சரி இருக்கும். சோறு, குழம்பு, ஒரு வறுவல், ரசம், மோர். பிறகு ஆத்தூர் வெற்றிலை. இவ்வளவுதான் மெனு, இதற்கு மேல் கேட்டால் எதுவும் நன்றாக வராது.

ஏற்பாடு ஒன்றும் செய்யாமல் வந்துவிட்டால்? உவரிக்கு வடமேற்கே உள்தள்ளி இருக்கிற திசையன்விளைக்குப் போய்விடுங்கள், வியாபார ஊர், பிரியாணியும் சாப்பாடும் கிடைக்கும். ரெண்டு மணிக்குள் போய்ச் சேரணும்.

கிளம்பும் முன் பனையோலையில் பின்னிய பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இங்கே பெண்கள் அழகாகப் பின்னுவார்கள். கருப்பட்டியை பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்க்கும், ஓலைப்பெட்டியில் வைத்தால் கெடாது.

உவரி, கூடங்குளம், வட்டக்கோட்டை

ரெண்டரை, மூணு மணிக்கு உவரி. கப்பல் வடிவத்தில் கட்டி, மேலே ஆகாய விமானத்தையும் வைத்த கப்பல் மாதா கோவிலைப் பிள்ளைகள் விடவே மாட்டார்கள். அந்தோணியார் கோவிலில் செவ்வாய்க்கிழமை கூட்டம் அதிகம். பக்கத்திலேயே கடலோரத்தில் சுயம்புலிங்க சுவாமி கோவில், நேர்ந்துகொண்டவர்கள் கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்துபோய்க் கரையில் கொட்டுவதைப் பார்க்கலாம். முக்கால் மணி நேரம் போதும்.

அதற்கப்புறம் கூடங்குளம் வரை ஓட்டம்தான். காற்றாலைகள், முள்ளுக்காடு, திடீரென்று ரோட்டைக் கடக்கிற மயில்கள், ரோட்டில் படுத்திருக்கிற ஆடுகள். வேகத்தைக் குறைத்துப் போங்கள். அணுமின் நிலையம் தூரத்திலிருந்தே தெரியும். வண்டியை நிறுத்திப் படம் எடுக்க ஆரம்பித்தால் போலீசுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், அந்த ஆசையே வேண்டாம்.

செட்டிகுளம், அஞ்சுகிராமம் தாண்டி வட்டக்கோட்டை. நாலரைக்குள் உள்ளே போய்விடுங்கள், மாலையிலேயே மூடிவிடுவார்கள். குளச்சல் போரில் 1741-ல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அவரிடமே வேலைக்குச் சேர்ந்து பலப்படுத்திய கருங்கல் கோட்டை இது. மதில் மேல் ஏறினால் முன்னால் முழுக்கக் கடல், பின்னால் மலை. கீழே மணல் கறுப்பாக இருக்கும். கன்னியாகுமரியில் கிடைக்காத அமைதி இங்கே கிடைக்கும், ஐந்தே கால் வரைக்கும் உட்கார்ந்திருக்க முடிந்தால் உட்காருங்கள்.

கன்னியாகுமரியில் கடைசி ரெண்டு மணி நேரம்

இந்த நேரத்தில் விவேகானந்தர் பாறைக்குப் படகு கிடைக்காது, அதை மறுநாள் காலைக்குத் தள்ளிவிடுங்கள். 133 அடி திருவள்ளுவர் சிலைக்கும் பாறைக்கும் இடையே 2024 டிசம்பர் 30-ல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும் அப்போதே ஆகிவிடும்.

அஸ்தமனம் பார்ப்பதில் ஒரு கணக்கு உண்டு. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை சூரியன் தெற்கே சாய்ந்து விழுவதால் ஊர்க் கரையிலிருந்தே கடலுக்குள் இறங்குவது தெரியும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வடக்கே ஒதுங்கிக் கரைக்குப் பின்னால் போய்விடும், அப்போது முக்கடல் சங்கமத்தில் நின்று கழுத்தை நீட்டுவதற்குப் பதிலாக மேற்கே பக்கத்து ஊரான கோவளம் (கேரளத்துக் கோவளம் இல்லை) பக்கம் போய் நில்லுங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டைக் கன்னியாகுமரி சன்னதித் தெருவில் முடிக்கலாம், சுற்றுலா ஊர்ச் சாப்பாடு எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். அலுப்பு இல்லையென்றால் 20 கிலோமீட்டர் தள்ளி நாகர்கோவில் போங்கள். தேங்காயை மையாக அரைத்து மாங்காய் போட்ட மீன் குழம்பு, கூட மரச்சீனிக் கிழங்கு மசித்தது கிடைக்கிற கடையாகப் பார்த்து உட்காருங்கள், மத்தியானம் சாப்பிட்ட குழம்புக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடும். ஏற்கெனவே மீன் போதும் என்றால் புட்டு, ஆப்பம், ரசவடை. வரும்போது மட்டிப்பழம் ஒரு சீப்பும் நேந்திரங்காய் சிப்ஸும் வாங்கிக்கொள்ளுங்கள். சிப்ஸ் வாங்குகிற கடையில் எண்ணெய்ச் சட்டி வாசலிலேயே இருக்கணும், அப்போது பொரித்து எடுத்ததைச் சூடு ஆறியபிறகு கட்டித்தரச் சொல்லுங்கள். அறைக்குத் திரும்பி அலாரத்தை ஐந்தரைக்கு வைத்துவிட்டுத் தூங்குங்கள், காலையில் உதயத்தைப் பார்த்த கையோடு படகு வரிசையில் முன்னாடி நின்றுவிடலாம்.